ஏர் எடுக்கிற வேலை

ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் வழியெங்கும் வண்டிப் பட்டறைகள். ஏதாவது ஒன்றின் முன் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானை ஒன்றின் அடியில் மெக்கானிக் மல்லாந்து படுத்திருப்பார். ஓட்டுநர் இருக்கையில் உதவியாள்.

“மிதி தம்பி.”

“மிதிச்சாச்சுண்ணே.”

“அப்படியே பிடி. விடாத.”

சக்கரத்தின் உட்புறத்தில் நிப்பிள் கால் சுற்று திறக்கும். எண்ணெய் பீய்ச்சும், கூடவே நுரை வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் அடுத்த சொல்: “இப்ப விடு.”

ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு ‘பிளீடிங்’ என்று பெயர். எண்ணெய் வடிவதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் பட்டறைகளில் ‘ஏர் எடுக்கிறது’ என்பார்கள். எதற்காக அந்த எண்ணெயை வடிக்கிறோமோ அதையே சொல்லும் பெயர். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் காற்றைப் பற்றியதுதான்.

வீட்டிலேயே கட்டிய ஒரு சிறிய விமானத்துக்கும் இதே வேலை உண்டு. அங்கே எண்ணெய் வேறு, அது போகும் திசையும் வேறு. இறக்கையைச் சுற்றி ஓடி விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிற அதே காற்று, பிரேக் குழாய்க்குள் சில மில்லிலிட்டர் நுழைந்துவிட்டாலும் அந்த விமானத்தை நிறுத்த முடியாமல் போகலாம்.

சோழவரத்து ஓடுபாதை

அதே சாலையில் சோழவரம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ‘டி’ எழுத்து வடிவில் விமான ஓடுபாதைகள் போட்டார்கள். போர் முடிந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய பிறகு, விமானம் இறங்கப் போட்ட அந்தப் பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வரும்வரை பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவின் வேகத்துக்கு முகவரி சோழவரம்தான். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் திருப்பம் வரும்போது ஓட்டுபவரின் கால் பிரேக்கைத் தேடும். ஓடுபாதையின் முடிவு நெருங்கும்போது விமானியின் காலும் அதையேதான் தேடும்.

இந்த வட்டாரத்துக்குப் பிரேக் புதிதல்ல. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் பின்னர் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்து, இன்று சென்னையோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூர்ப் பகுதியின் பாடியில், 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ஆவடியில் பீரங்கி வண்டிகள் கட்டப்படுகின்றன. எடை மிகுந்த ஒன்றை ஓடவைப்பதும் ஓடுவதை நிறுத்துவதும் இந்த மண்ணின் அன்றாடத் தொழில்.

சொந்த முயற்சியில் விமானம் கட்டுவதும் சென்னைக்குப் பழக்கம்தான். 1910இல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அந்தக் காலத்து விமானங்களுக்குப் பொதுவாகப் பிரேக் கிடையாது. வால் பக்கத்தில் ஒரு கட்டை தரையில் உரசிக்கொண்டே வரும், புல்தரை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நம் காலத்தில் மும்பையின் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2017இல் அரசுப் பதிவு பெற்றது. தார்ப் பாதையில், வேகமாக இறங்கும் இன்றைய விமானத்துக்கு வால்கட்டை போதாது.

காருக்கும் விமானத்துக்கும் பிரேக்கில் உள்ள உறவு ஒரே வீட்டில் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்காவில் ஆலன், மால்கம் லாக்ஹீட் என்ற சகோதரர்கள் 1913இல் சான் பிரான்சிஸ்கோவில் தாங்களே ஒரு கடல் விமானம் கட்டிப் பறந்தார்கள். தண்ணீரில் இறங்கும் அந்த விமானத்துக்குப் பிரேக்கே தேவைப்படவில்லை. ஆனால் பின்னாளில் கார்களின் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கியவர் அந்தச் சகோதரர்களில் மால்கம்தான். 1921இல் டூசன்பர்க் கார் அந்தப் பிரேக்கோடு சாலைக்கு வந்தது. ஆலனின் பாதை விமானத்தோடு போனது. ஒரே குடும்பப் பெயர் பிரேக்கிலும் நின்றது, விமானத்திலும் நின்றது.

ஒரு மில்லிலிட்டரின் கணக்கு

சிறிய விமானத்தின் பிரேக் எப்படி வேலை செய்கிறது? விமானியின் காலடியில் சுக்கானுக்கான இரண்டு பெடல்கள். அவற்றின் மேல்பகுதியைக் கால்விரல்களால் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இடப் பெடல் இடச் சக்கரத்துக்கு, வலப் பெடல் வலச் சக்கரத்துக்கு. ஒவ்வொரு பெடலுக்கும் தனி மாஸ்டர் சிலிண்டர், தனிக் குழாய், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்களால் கவ்வும் தனிக் காலிப்பர். இரண்டும் தனித்தனி என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து விமானத்தைத் தரையில் திருப்பவும் முடியும். பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம், பர்ட் ருட்டானின் ‘லாங் ஈஸி’ வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு கட்டிய சிறிய விமானம் 1987இல் பறந்தது. லாங் ஈஸியின் முன்சக்கரம் நாற்காலிச் சக்கரம்போல் தன்போக்கில் சுழலக்கூடியது. தரையில் மெதுவாகப் போகும்போது அதைத் திருப்ப பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். இப்படிப்பட்ட விமானத்தில் ஒரு பக்கப் பிரேக் போனால், நிற்பதோடு திரும்புவதும் போய்விடும்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால்விரல் 20 கிலோ விசையில் அழுத்துகிறது, பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை இரட்டிப்பாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் துளை 16 மில்லிமீட்டர் என்றால் பிஸ்டன் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர். 40 கிலோ விசை 2 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவம் தன்மேல் விழும் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் குறையாமல் கடத்தும் என்பது பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி. அதே அழுத்தம், சக்கரத்தில் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் போய்ச் சேரும்போது சுமார் 227 கிலோ விசையாகிறது. இருபது கிலோ மிதி, இருநூறு கிலோவுக்கு மேலான பிடியாக மாறிவிட்டது.

இதற்குத் திரவம் சுருங்காமல் இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் சுருங்கும். 100 மில்லிலிட்டர் எண்ணெயில் இழப்பு சுமார் 0.13 மில்லிலிட்டர். காலுக்கு அது தெரியவே தெரியாது.

அந்த எண்ணெயில் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்றைக் கலந்து பாருங்கள். அதே அழுத்தத்தில் அது இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இழந்த 0.95 மில்லிலிட்டர் இடத்தை நிரப்ப பிஸ்டன் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். நெம்புகோல் அமைப்பால் கால்விரலில் அது ஒரு சென்டிமீட்டர். சிலிண்டரின் முழு ஓட்டமே சில சென்டிமீட்டர்தான். இப்படி மூன்று நான்கு குமிழிகள் சேர்ந்தால், சக்கரத்தில் பிடி விழும் முன்பே பெடல் அடிவரை போய்விடும்.

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பெரிய லாரிகளில் காற்றுதானே பிரேக் பிடிக்கிறது, அது மட்டும் எப்படி என்று கேட்கலாம். நல்ல கேள்வி. லாரியில் எஞ்சின் சுற்றும்வரை கம்ப்ரசர் காற்றை அடைத்துத் தொட்டியில் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. காற்று சுருங்குவதால் வரும் இழப்பை அது ஈடுகட்டும். ஓட்டுநரின் கால் அங்கே வால்வைத் திறக்கிறதே தவிர, விசையைத் தானே தருவதில்லை. சிறிய விமானத்தில் கம்ப்ரசர் இல்லை. ஒரு காலின் சில மில்லிலிட்டர் தள்ளலே மொத்த முதலீடு. அதில் காற்றுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

குமிழி ஏறும் வேகம்

எண்ணெயில் காற்று மேலே ஏறும் என்பது எல்லாரும் அறிந்தது. எவ்வளவு வேகத்தில் என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது.

சிறு குமிழியின் ஏறும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விமானப் பிரேக் எண்ணெயில் ஒரு மில்லிமீட்டர்க் குமிழி ஒரு மீட்டர் உயரத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குமிழி நூறு மடங்கு மெதுவாகப் போகும். அதே ஒரு மீட்டருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். எண்ணெய் டப்பாவைக் குலுக்கினாலோ பம்பை வேகமாக அடித்தாலோ இந்த நுண்குமிழிகள்தான் ஆயிரக்கணக்கில் உண்டாகின்றன. ஏர் எடுத்த கையோடு பெடல் கெட்டியாக இல்லை என்று மறுபடி வேகமாக அடிப்பவர், எடுத்த காற்றைவிட அதிகமாகக் கலக்கிக்கொண்டிருக்கலாம்.

பெரிய குமிழிக்கு வேறு சிக்கல். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் மெல்லிய குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அகலத்தை அடைத்துக்கொண்டு ஒரு காற்றுக்கட்டி அசையாமல் நிற்கும். செவிலியர் விரலால் சுண்டுவார். பிரேக் குழாயிலும் இப்படித்தான், எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை குமிழியைக் குழாய்ச் சுவரோடு பிடித்துவைக்கிறது. பிரெதர்ட்டன் என்ற ஆய்வாளர் 1961இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். குழாய் ஒரு அளவுக்கு மேல் குறுகலானால், செங்குத்தாக நிறுத்தினாலும் நீண்ட குமிழி தானாக ஏறாது. பிரேக் எண்ணெய்க்கு அந்த அளவு மூன்று மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். சிறு விமானங்களின் பிரேக் குழாய்கள் இந்த எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே பெரிய குமிழியை எண்ணெயால் தள்ளித்தான் அனுப்ப வேண்டும். நுண்குமிழிக்கோ நேரம் கொடுக்க வேண்டும். தள்ளுவதும் காத்திருப்பதும் இரண்டுமே வேண்டும்.

கீழிருந்து மேலே

குட்டியானையில் எண்ணெய் மேலிருந்து கீழே போகிறது. ஆள் மிதிக்கிற வேகத்தில் காற்று எண்ணெயோடு அடித்துக்கொண்டு வந்துவிடும். சிறு விமானத்தில் சிலிண்டர் சின்னது, குழாய் நீளம், மேடு பள்ளமும் உண்டு. மெதுவாக மிதித்தால் குமிழி கீழே இரண்டு அடி இறங்கும், கால் எடுத்தால் மறுபடி ஏறும். அதனால் பெரும்பாலும் எண்ணெயைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார்கள். காற்று போக விரும்பும் திசையும் எண்ணெய் தள்ளும் திசையும் அப்போது ஒன்றாகிவிடும்.

வேலை தொடங்கும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். காலிப்பரின் நிப்பிளைச் சுற்றித் துடைக்க வேண்டும். பிறகு பலர் மறக்கும் ஒரு படி: புது எண்ணெயை ஏற்றும் முன் அடியில் இருக்கும் பழைய எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட வேண்டும். ரப்பர்த் துகளும், எண்ணெயில் கரையாமல் அடியில் தங்கிய தண்ணீரும் காலிப்பரில்தான் கிடக்கும். வடிக்காமல் ஏற்றினால் அந்த அழுக்கை மாஸ்டர் சிலிண்டரின் சீல்களுக்கு நாமே அனுப்பிவைத்ததாகும்.

அடுத்து, கைப்பம்பு எண்ணெய்க் கேனில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, குழாயின் நுனிவரை எண்ணெய் வந்த பிறகே நிப்பிளில் செருக வேண்டும். மேலே, எண்ணெய்த் தொட்டியில் இன்னொரு குழாய் மாட்டி, வழியும் எண்ணெயை ஒரு புட்டியில் பிடிக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் வால்வு இருந்தால் அது திறந்திருக்க வேண்டும். பெடல்கள் முழுதாகப் பின்னால் வந்து நிற்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் தொட்டிக்குப் போகும் வழி, பிஸ்டன் முழுதாகத் திரும்பிய நிலையில் மட்டுமே திறக்கும். பெடலில் ஒரு துணி சிக்கியிருந்தாலும் வழி அடைபட்டு எண்ணெய் மேலே போகாது.

நிப்பிளைத் திறந்து ஒரே சீராக, மெதுவாக அழுத்த வேண்டும். எண்ணெய் காலிப்பரை நிரப்பி, குழாயில் ஏறி, மாஸ்டர் சிலிண்டரைக் கடந்து தொட்டிக்குள் வரும். முதலில் வருவது காற்று, அடுத்து நுரை, பிறகு குமிழிகள், கடைசியில் தெளிந்த எண்ணெய். தெளிந்த பிறகும் சிறிது நேரம் விட வேண்டும். முடிக்கும்போது பம்பை அழுத்தியபடியே நிப்பிளை மூட வேண்டும். முந்தி நிறுத்தினால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போகும்.

இத்தனை செய்தும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், குழாய் எங்கோ மேலே ஏறி மறுபடி கீழே வளைந்திருக்கலாம். அந்த வளைவின் உச்சியில் காற்று உட்கார்ந்திருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே எண்ணெயை ஏற்றிப் பார்க்கலாம். காலிப்பரின் நிப்பிள் அதன் அடியில் இல்லாமல் வேறு பக்கம் இருந்தால், காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு இடையே டிஸ்க் பருமனில் ஒரு தகட்டை வைத்து, காற்று வெளியேறும் வழி உச்சியில் வரும்படி திருப்பிப் பிடித்து ஏர் எடுக்கலாம். வீட்டில் கட்டும் விமானத்தில் குழாயின் பாதையைத் தீர்மானிப்பவர் கட்டுபவரே. தொட்டிவரை ஒரே ஏற்றமாகக் குழாயைப் போட்டுவிட்டால் வாழ்நாள் முழுதும் இந்தப் பாடு மிச்சம்.

சிவப்பு எண்ணெய்

திருவள்ளூரில் எந்த உதிரிபாகக் கடையிலும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிடைக்கும். வெளிர்மஞ்சள் நிறம், கிளைக்கால் வகை. சிறு விமானங்களில் பலவற்றுக்குச் சொல்லப்படுவது 5606 என்ற எண்ணுள்ள எண்ணெய். சிவப்புச் சாயம் கலந்த கனிம எண்ணெய் வகை. இரண்டும் பிரேக் ஆயில்தானே என்று மாற்றி ஊற்றினால் கேடு உடனே தெரியாது, உள்ளே நடக்கும். கனிம எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர் சீலை டாட் எண்ணெய் கெடுத்துவிடும். டாட் எண்ணெய்க்கு ஏற்ற ஈ.பி.டி.எம். ரப்பரைக் கனிம எண்ணெய் ஊதவைத்துவிடும். சீல் ஊதினால் பிஸ்டன் சிக்கும், தளர்ந்தால் ஒழுகும். எந்த எண்ணெய் என்பதைச் சீல்தான் முடிவுசெய்கிறது. தொட்டி மூடியின் பக்கத்தில் எண்ணெயின் எண்ணை எழுதி ஒட்டுவது, பின்னால் வரும் எவரோ ஒருவருடைய உயிரைக் காக்கும்.

பழவேற்காடு ஏரிக்குப் பக்கத்து ஊர்களில் காற்றிலேயே ஈரமும் உப்பும் உண்டு. டாட் எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். 5606 ஈரத்தை அவ்வளவாக ஏற்காது, ஆனால் எளிதில் தீப்பற்றும். அதன் தீப்பற்று வெப்பநிலைக்குத் தரவரையறை கேட்பது 82 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதே. அதே வகைச் சீல்களுக்குப் பொருந்தும் 83282 என்ற செயற்கை எண்ணெய்க்கு அந்த வரம்பு 205 டிகிரி. கடுங்குளிரில் அது சற்றுக் கெட்டிப்படும். உறைபனியே காணாத கும்மிடிப்பூண்டியில் அது ஒரு குறையே இல்லை. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் நம் வெயிலுக்கு நான் அதைத்தான் விரும்புவேன்.

ஒரு லிட்டர் வெந்நீர்

600 கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 111 கிலோமீட்டரில், அதாவது 60 நாட் வேகத்தில், ஓடிக்கொண்டிருந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 290 கிலோஜூல். அறை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அவ்வளவுதான் தேவை. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. அந்த வெப்பம் முழுவதும் தலா ஒரு கிலோ எடையுள்ள இரண்டு எஃகு டிஸ்க்குகளில் இறங்கினால் அவற்றின் சூடு ஏறத்தாழ 300 டிகிரி உயரும். வேகத்தைப் பாதியாக விட்டுப் பிறகு பிடித்தால் வெப்பம் கால்பங்குதான். இறங்கியதும் காற்றுத் தடையே வேகத்தைக் குறைக்கட்டும் என்று விடும் விமானி பேட்களையும் சீல்களையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்.

தரையில் போகும்போது காலைப் பெடலில் வைத்தபடியே ஓட்டுவது மிக மோசமான பழக்கம். விசை கொஞ்சம்தான், ஆனால் நிமிடக்கணக்கில் சூடு சேர்கிறது. சக்கரத்தை மூடிய இழைக்கண்ணாடி உறைக்குள் காற்றும் புகாது. சூட்டில் சீல் இளகி, கசிந்த எண்ணெய் டிஸ்க்கைத் தொட்டால் தீதான்.

பராமரிப்பு என்பது இவற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது. பேட் தேய்மானத்தை அளக்க வேண்டும். பல காலிப்பர்களுக்கு எல்லை இரண்டரை மில்லிமீட்டர். வாரக்கணக்கில் நின்ற விமானத்தின் டிஸ்க்கில் உப்புக்காற்று துருக்குழிகளை உண்டாக்கும், அவை பேட்டை அரம்போல் அராவும். காலிப்பர் நகரும் ஊசிகளைத் துடைத்து உலர்வாக வைக்க வேண்டும். கிரீஸ் தடவினால் மண் ஒட்டிக் காலிப்பர் சிக்கும், ஒரு பேட் மட்டும் தேயும். தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. எண்ணெய் சூட்டில் விரிய இடமில்லாவிட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதே காரணத்துக்காகத் தொட்டி மூடியின் சிறு துளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏர் எடுத்து முடித்த மாலையில் பெடலை அழுத்தி, எந்த உயரத்தில் கெட்டிப்படுகிறது என்று குறித்துவையுங்கள். காலிப்பர்களின் அடியில் வெள்ளைத் தாள் விரித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரவு முழுவதும் நுண்குமிழிகள் ஏறிக்கொண்டிருக்கும். காலையில் தாளில் சிவப்புப் புள்ளி இல்லையென்றால், மறுபடி பெடலை அழுத்துங்கள். ஒரே மிதியில், நேற்றுக் குறித்த அதே உயரத்தில் அது நின்றால் வேலை முடிந்தது. அரை சென்டிமீட்டர் கீழே போய் நின்றால், உங்கள் கால் ஏறக்குறைய அரை மில்லிலிட்டர் காற்றை அளந்து சொல்லியிருக்கிறது. எண்ணெய்க் கேனை எடுங்கள், மறுபடி கீழிருந்து தொடங்குங்கள்.